வெப்பம் தாங்கும் உலோகமும் வடசென்னையும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்த அறங்காவலர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். எதைப் பற்றிப் பேசினாலும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பட்டறையிலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கும்படி இருக்க வேண்டும் என்றார்கள். அதனால்தான் இந்தப் பொருளை எடுத்தேன். ஜெட் எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் தட்டு, அதற்கென்றே உருவான நிக்கல் கலப்புலோகங்கள், அவற்றை நாமே செய்துகொள்ள இந்தியா பட்ட பாடு, இன்னும் படும் பாடு. தொழில் வட்டாரத்தில் இந்த உலோகங்களை சூப்பர் அலாய் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஆகாயத்தில் பறக்கும் எஞ்சினுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் டிரெய்லர் லாரிகளை நாள்தோறும் பார்க்கிறோம். ஒவ்வொன்றின் எஞ்சினிலும் ஒரு டர்போ இருக்கிறது. பழுதான டர்போவை மெக்கானிக் பிரித்துப் போட்டால் ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள் தெரியும். காற்றுப் பக்கம் இருப்பது அலுமினியம், வெளுப்பாக, கனமில்லாமல் இருக்கும். புகைப் பக்கம் இருப்பது கரி படிந்த சிறு சக்கரம். உள்ளங்கையில் அடங்கும் அளவுதான், ஆனால் கனத்தைப் பார்த்தால் கை ஒரு கணம் தாழும். அதில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாது. கிரைண்டரில் லேசாகத் தொட்டால், சாதாரண எஃகுக்கு வருவதுபோல் நீளமாக வெடித்துச் சிதறும் பொறி வராது. மங்கிய செம்மஞ்சள் நிறத்தில் குட்டையாக ஒரு கீற்று வந்து அடங்கிவிடும். பழைய இரும்பு பிரிப்பவர்கள் இந்தப் பொறியைக் கண்ணால் பார்த்தே "நிக்கல் சரக்கு" என்று தனியாக எடுத்து வைப்பார்கள். அந்தச் சக்கரம் பெரும்பாலும் இன்கோனெல் 713 என்ற சூப்பர் அலாயில் வார்த்தது. ஏறத்தாழ எழுநூறு பாகை செல்சியஸ் புகையில், நிமிடத்துக்கு லட்சம் சுற்று என்ற கணக்கில் அது ஓடுகிறது.

துறைமுகத்தில் வந்து நிற்கும் பெரிய சரக்குக் கப்பல்களின் மெயின் எஞ்சினில் புகை வெளியேறும் வால்வை நிமோனிக் 80ஏ என்ற நிக்கல் கலவையில் செய்வது வழக்கம். பேசின் பிரிட்ஜில் மின்வாரியம் 1996-இல் நிறுவிய எரிவாயு டர்பைன் நிலையம் இருக்கிறது. நான்கு எந்திரம், மொத்தம் 120 மெகாவாட், நாப்தாவில் ஓடுவதற்காக அமைத்தது. ஜெட் எஞ்சின் எந்த விதியில் வேலை செய்கிறதோ அதே விதியில்தான் அதுவும் வேலை செய்கிறது. ஆக, இந்த உலோகம் நம் தெருவுக்குள் வந்து வெகுகாலம் ஆகிறது. அதைச் செய்யும் வித்தைதான் இன்னும் வந்து சேரவில்லை.

டர்பைன் தட்டு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சினின் நடுவில் எரிந்த வாயு பாய்ந்து வந்து பிளேடுகளைத் தள்ளுகிறது. பிளேடுகளைத் தன் விளிம்பில் வரிசையாகச் செருகி வைத்துக்கொண்டு சுழல்வதுதான் தட்டு. நூறு கிராம் எடையுள்ள ஒரு பிளேடு, அச்சிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி, நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அது தட்டை வெளிநோக்கி இழுக்கும் விசை 4.8 டன் வருகிறது. ஒரு பிளேடுக்கு மட்டும். எண்பது பிளேடு இருந்தால் 380 டன்னைத் தாண்டும். முழுச் சரக்கேற்றிய கண்டெய்னர் பதின்மூன்றை அந்த விளிம்பில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். தட்டின் சொந்த எடை இழுக்கும் இழுவை இதற்கு மேல் தனி. இவ்வளவையும் அது அறுநூறு, அறுநூற்றைம்பது பாகைச் சூட்டில், ஆயிரக்கணக்கான பயணங்களுக்குத் தாங்க வேண்டும்.

பிளேடு முறிந்தால் எஞ்சினின் உறை அதைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பது விமானச் சட்டம், அதைச் சோதித்தும் காட்டுகிறார்கள். தட்டு உடைந்தால் எந்த உறையும் தடுக்காது. அத்தனை கனமான உறையைச் சுமந்துகொண்டு விமானம் பறக்க முடியாது. ஆகவே தட்டு உடையவே கூடாது என்ற ஒரே ஏற்பாட்டின் மேல்தான் விமானப் பயணமே நடக்கிறது. இத்தனை முறை ஏறி இறங்கியதும் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஆயுள் விதித்திருக்கிறார்கள். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் கழற்றத்தான் வேண்டும்.

ஆயுளை ஏன் எண்ணிக்கையில் சொல்கிறார்கள்? இதற்கு ராயபுரத்திலிருந்தே தொடங்கலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் ஒரு புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தாங்க வேண்டிய சுமையைவிடக் குறைந்த சுமையிலேயே ரயில் அச்சுகள் ஓடி ஓடி ஒருநாள் முறிந்தன. ஒருமுறை கொடுத்தால் ஒன்றும் செய்யாத விசை, லட்சம் முறை கொடுத்தால் முறித்துவிடுகிறது என்பதை அவர் சோதித்து நிறுவினார். உலோகத்தின் அயர்ச்சி பற்றிய அறிவியல் அங்கே பிறந்தது. அதைப் பின்னாளில் விரித்து எழுதியவர்களில் நம் ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த சுப்ரா சுரேஷும் ஒருவர். 1991-இல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் பாடப் புத்தகமாக இருக்கிறது. விமானம் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தட்டு இழுபடுகிறது, இறங்கி எஞ்சினை அணைத்ததும் தளர்கிறது. அது ஒரு சுற்று. ரயில் அச்சுக்கு வோலர் கேட்ட கேள்வியைத்தான் இன்றைக்கும் தட்டுக்குக் கேட்கிறோம்.

இனி நிக்கல் ஏன் என்ற கேள்வி. எஃகு அறுநூறு பாகையை ஒட்டித் தளர்ந்துவிடும். முறியாது, ஆனால் சுமையின் கீழ் மெல்ல மெல்ல நீளும். இதை உலோகவியலில் ஊர்வு என்கிறோம். நிக்கலில் அலுமினியமும் டைட்டானியமும் சேர்த்துப் பக்குவமாகச் சூடேற்றினால், மூன்று நிக்கல் அணுவுக்கு ஓர் அலுமினிய அணு என்ற விகிதத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உலோகம் முழுதும் விளைகின்றன. இந்தத் துகளுக்கு ஓர் அபூர்வ குணம் உண்டு. சூடேற ஏற, ஓர் எல்லை வரை, அதன் வலிமை கூடிக்கொண்டே போகும். மற்ற உலோகங்கள் இளகும் இடத்தில் இது இறுகுகிறது. எனக்குத் தெரிந்து உலோகவியலில் இதைவிட அழகான விஷயம் வேறில்லை.

இங்கிலாந்தின் முதல் ஜெட் விமானம் 1941 மே 15 அன்று பறந்தது. ஃபிராங்க் விட்டிலின் அந்த எஞ்சினில் பிளேடுகள் எஃகுதான். அடுத்த எஞ்சின்களுக்கென்று மாண்ட் நிக்கல் கம்பெனி உருவாக்கிய நிமோனிக் 80, இப்படித் துகள் விளையும் நிக்கல் கலவைகளில் முன்னோடி. அதன் நேர்வாரிசுதான் நான் சொன்ன கப்பல் வால்வு. தட்டுகள் பல ஆண்டு எஃகிலேயே ஓடின. தட்டுக்கு நிக்கலை நிலைநாட்டியவர் அமெரிக்காவின் ஹன்டிங்டன் நகரில் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன். அவர் குழு முதலில் தேடியது ஜெட் எஞ்சினுக்கான உலோகத்தை அன்று. அனல் மின் நிலையத்தில் நீராவியைக் கொண்டுசெல்லும் பெரிய குழாய்க்கு ஓர் உலோகம் வேண்டும் என்றுதான் தேடத் தொடங்கினார்கள். அந்தத் தேடல் பின்னர் 625 என்ற கலவையில் போய் முடிந்தது. இடையில் நையோபியத்தைச் சேர்த்துப் பார்த்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் 1962-இல் காப்புரிமை பெற்ற இன்கோனெல் 718. உலகின் டர்பைன் தட்டுகளில் மிகப் பெரும் பங்கு இன்றுவரை அதில்தான்.

மின் நிலையத்தின் குழாயும் விமானத்தின் தட்டும் ஒரே அடுப்பில் பிறந்தவை என்பதை எண்ணூரில் இருப்பவர்கள் அழுத்திச் சொல்லிக்கொள்ளலாம். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஓடியது. 1990-களில் வந்த வடசென்னை அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் எந்திரங்களில் நீராவி 540 பாகையை ஒட்டி இருக்கும். 2024-இல் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் மூன்றாம் நிலை சூப்பர் கிரிட்டிகல் வகை, அதில் அழுத்தமும் வெப்பமும் கூடுதல். நீராவி எவ்வளவு சூடோ அவ்வளவு மின்சாரம் அதே நிலக்கரியிலிருந்து கிடைக்கும். எழுநூறு பாகையைத் தாண்டினால் எஃகு கைவிட்டுவிடும், நிக்கல்தான் வேண்டும். அதற்காகத்தான் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் பெல் நிறுவனமும் என்.டி.பி.சி.யும் சேர்ந்து ஒரு திட்டத்தில் இறங்கின. 2016-இல் மத்திய அமைச்சரவை 1,554 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. நீராவி வெப்பம் 710 பாகை, கொதிகலனின் சூடான பகுதிக்கு 617 என்ற நிக்கல் கலவை. இந்தக் குழாய்களைக் கல்பாக்கத்தில் சுமையேற்றி, சூடேற்றி, எவ்வளவு நீள்கிறது என்று வருடக்கணக்கில் பார்க்கிறார்கள். இந்தத் துறையில் ஒரு லட்சம் மணி நேரம் என்பது வழக்கமான அளவுகோல். பதினோரு ஆண்டுக்கு மேல். ஒரு கம்பியைத் தொங்கவிட்டுவிட்டு, அது ஒரு நூலளவு நீள்வதற்குப் பதினோரு ஆண்டு காத்திருப்பவர்களைப் பற்றி யாரும் செய்தி எழுதுவதில்லை. நாட்டுக்கு அவர்கள் மிகவும் தேவையானவர்கள்.

தொழில்நுட்பம் கைகூடிவிட்டது, 800 மெகாவாட் நிலையம் ஒன்றை என்.டி.பி.சி.யும் பெல்லும் கூட்டாக நிறுவும் என்று 2024 ஜூலை பட்ஜெட்டில் நிதியமைச்சர் அறிவித்தார். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து வலை வீசும் இடம் சுருங்கியதைக் கண்ணால் கண்டவர்களுக்கு இது வெறும் பொறியியல் செய்தி ஆகாது. நிலக்கரியே எரிக்காமல் இருந்தால் நல்லது. எரித்தே தீர வேண்டிய காலம் வரை, அதே மின்சாரத்துக்குக் குறைவான கரி, குறைவான சாம்பல் என்பது எண்ணூர்க் கழிமுகத்துக்கு நேரடி நன்மை.

தட்டுக்குத் திரும்புகிறேன். 718 கலவையில் என்னென்ன எத்தனை சதவீதம் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. நிக்கல் ஐம்பது முதல் ஐம்பத்தைந்து, குரோமியம் பத்தொன்பதை ஒட்டி, நையோபியம் ஐந்து, மாலிப்டினம் மூன்று, கொஞ்சம் டைட்டானியம், கொஞ்சம் அலுமினியம், மீதி இரும்பு. எந்தக் கையேட்டிலும் இருக்கிறது. ஆனால் அதைத் தட்டாக்கத் தெரிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். காரணம் சுத்தம்.

2016 அக்டோபர் 28 அன்று சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 767 மியாமிக்குக் கிளம்ப ஓடுபாதையில் வேகமெடுத்தது. வலப்பக்க எஞ்சினின் இரண்டாம் கட்டத் தட்டு உடைந்தது. ஒரு பெரிய துண்டு இறக்கையைத் துளைத்துக்கொண்டு போய், 2,935 அடி தள்ளியிருந்த ஒரு சரக்குக் கிடங்கின் கூரையை உடைத்து விழுந்தது. எரிபொருள் கொட்டித் தீப்பிடித்தது. விமானி தரையிலேயே நிறுத்திவிட்டதால் 161 பயணிகளும் ஒன்பது ஊழியர்களும் உயிர்தப்பினார்கள். தட்டு 1997-இல் செய்தது, உலோகம் 718. விதித்த ஆயுள் 15,000 சுற்று, உடைந்தது 10,984-இல்.

விசாரணையில் வெளிவந்த காரணத்தைக் கவனமாகக் கேளுங்கள். 718-ஐ ஒருமுறை உருக்கினால் போதாது. முதலில் வெற்றிடத்தில் உருக்குவார்கள், பிறகு கசடுக் குளத்தின் வழியாக மறுபடி, பிறகு வெற்றிடத்தில் மின்வில்லால் இன்னொரு முறை. அந்தக் கடைசி உருக்கில், அச்சுக்குடுவையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓடு சிலசமயம் உதிர்ந்து உருகிய குளத்தில் விழும். முழுதும் கரையாமல் அப்படியே உறைந்துவிட்டால் அந்த இடத்தில் நையோபியம் குறைந்து, வலிமை குன்றிய ஒரு புள்ளி தங்கிவிடும். அரித்துப் பார்த்தால் வெளுப்பாகத் தெரிவதால் வெள்ளைப் புள்ளி என்பார்கள். அதோடு ஆக்சைடு தூசியும் சேர்ந்திருந்தால் அழுக்கு வெள்ளைப் புள்ளி. சிகாகோத் தட்டுக்குள் இருந்தது அப்படி ஒன்று. தட்டைச் செய்தபோது நடந்த சோதனையிலும், பிறகு பராமரிப்பில் நடந்த சோதனைகளிலும் அது பிடிபட்டிருக்க வாய்ப்பில்லை என்று அறிக்கை சொல்கிறது. உலோகத்துக்குள் புதைந்திருந்த அந்தப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் விரிசல் வளர்ந்திருக்கிறது. உருக்கும் நாளில் ஒரு நொடியில் நடந்த பிழை, பத்தொன்பது ஆண்டு கழித்து ஓடுபாதையில் வெளிப்பட்டது.

718 ஏறத்தாழ 650 பாகையோடு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் வலுவூட்டும் தனிமங்களை இன்னும் அதிகமாகச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்த உலோகத்தைப் பெரிய கட்டியாக வார்த்தால் உறையும்போதே தனிமங்கள் பிரிந்து ஒதுங்கும், சம்மட்டிக்குக் கீழே வைத்தால் பிளக்கும். இதற்கு வழி கண்டவர்கள் வார்ப்பையே விட்டுவிட்டார்கள். உருகிய உலோகத்தை ஆர்கான் வாயுவால் சிதறடித்துப் பொடியாக்கினார்கள். துளி அத்தனை சிறிதானால் தனிமங்கள் பிரிய நேரமே இருக்காது. பொடியை 53 மைக்ரான் போன்ற நுண்சல்லடையில் சலித்து, டப்பாவில் அடைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கி, பிதுக்கி, பிறகு தட்டின் சூட்டுக்கே அச்சையும் சூடேற்றி மெதுவாக அழுத்தி வடிக்கிறார்கள். ரெனே 88, ஆர்ஆர்1000, ரஃபேல் விமானத்தின் எம்88 எஞ்சினில் இருக்கும் என்18 எல்லாம் இந்த வகை. இதன் உச்சமாக, ஒரே தட்டின் நடுப்பகுதியை நுண்மணியாகவும் விளிம்பைப் பெருமணியாகவும் பக்குவப்படுத்தும் வித்தையும் வந்துவிட்டது. நடுவில் அயர்ச்சியைத் தாங்க நுண்மணி வேண்டும், விளிம்பில் ஊர்வைத் தடுக்கப் பெருமணி வேண்டும்.

பொடியிலும் பிழை நடக்கும், நடந்தது. 1980 செப்டம்பரில் இங்கிலாந்தில் புத்தம்புதிய எஃப்/ஏ-18 போர் விமானம் ஒன்று விழுந்தது. ரெனே 95 பொடியை இறுக்கி, வடிக்காமலே செய்த டர்பைன் தட்டு உடைந்ததுதான் காரணம். நம் காலத்து உதாரணம் இன்னும் பெரிது. ஏர்பஸ் ஏ320நியோ விமானங்களில் ஓடும் பிராட் அண்டு விட்னி எஞ்சின்களில், 2015-இன் இறுதியிலிருந்து 2021 வரை செய்த சில தட்டுகளின் பொடியில் நுண்ணிய மாசு கலந்திருந்தது என்று 2023 ஜூலையில் அந்த நிறுவனமே அறிவித்தது. அறுநூறு, எழுநூறு எஞ்சின்களைக் கூடுதலாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும் என்று சில வாரங்களில் கணக்குச் சொன்னது. இந்த மாசினாலும் அந்த எஞ்சினின் வேறு குறைகளாலும் 2024-இன் தொடக்கத்தில் இண்டிகோவின் எழுபதுக்கு மேற்பட்ட விமானங்கள் பறக்காமல் நின்றன. மீனம்பாக்கத்தில் விமானம் இல்லை என்று திரும்பிப் போன பயணிக்கு, அதற்கு ஒரு காரணம் எங்கோ ஒரு பொடி ஆலையில் விழுந்த தூசி என்று தெரிந்திருக்காது. உலகின் மிகப் பழைய எஞ்சின் நிறுவனங்களில் ஒன்றுக்கே இது நடந்தது என்பதை, நாம் ஏன் இன்னும் செய்யவில்லை என்று விஞ்ஞானிகளைத் திட்டும் முன் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடலோரத்தில் இருக்கும் நாம் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடற்காற்றின் உப்பும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்தால் சோடியம் சல்பேட் உண்டாகிறது. எழுநூறு பாகையை ஒட்டி அது சூப்பர் அலாயின் மேற்பரப்பில் குழி பறிக்கிறது, குழியிலிருந்து விரிசல் தொடங்குகிறது. கப்பற்படை டர்பைன்களுக்கு இது நிரந்தரத் தலைவலி. காசிமேட்டு உப்புக் காற்று இரும்பைத் தின்பது நமக்குத் தெரியும். நிக்கலையும் அது விட்டுவைப்பதில்லை.

இனி இந்தியாவின் கதை. ஹைதராபாத்தில் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும், அதன் அருகில் 1973-இல் தொடங்கிய மிதானி நிறுவனமும் இருக்கின்றன. மிதானி சூப்பர்னி என்ற பெயரில் 718 முதலான கலவைகளை உருக்கித் தருகிறது. அந்த ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த உலோகவியலாளர் வி.எஸ். அருணாச்சலம் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக இருந்த காலத்தில்தான், 1989-இல், தேஜஸ் போர் விமானத்துக்கான காவேரி எஞ்சின் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. 382.81 கோடி ரூபாய், 93 மாதம். இலக்கு 81 கிலோநியூட்டன் உந்துவிசை. அதை எட்டவில்லை. 2008-இல் தேஜஸ் விமானத்திலிருந்து காவேரியைப் பிரித்துவிட்டார்கள். 2010 நவம்பரில் அது மாஸ்கோவுக்கு அருகே ஒரு ரஷ்ய விமானத்தில் பொருத்தப்பட்டுப் பறந்தது. உயரத்தில் எஞ்சினைச் சோதிக்கும் கூடமும், பறந்தபடி சோதிக்கும் விமானமும் நம்மிடம் இல்லாததால் ரஷ்யாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

காவேரியைத் தோல்வி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. எஞ்சினைச் செய்யச் சொன்னோம். எஞ்சினுக்கு முன்னால் வர வேண்டிய உலை, பிரஸ், சோதனைக் கூடம், இருபது ஆண்டுப் பதிவேடு ஆகியவற்றைப் போதிய அளவு அமைத்துக் கொடுக்கவில்லை. ஹைதராபாத்தின் அதே உலோகவியல் ஆய்வகம் 2,000 டன் பிரஸ்ஸில், அச்சையும் சூடேற்றி வடிக்கும் முறையைத் தானே உருவாக்கி, ஜாகுவார் விமானத்தின் அடூர் எஞ்சினுக்கு, காற்றை அமுக்கும் பகுதிக்கான தட்டுகளைச் செய்துகாட்டியது. இருநூறு தட்டுகளை மிதானி வடித்து பெங்களூரு எச்.ஏ.எல்.லுக்குக் கொடுத்ததாக 2021 மே மாதம் அறிவித்தார்கள். அவை டைட்டானியத் தட்டுகள், சூடு குறைந்த பகுதிக்கானவை. ஒற்றைப் படிக டர்பைன் பிளேடுகளையும் அதே ஆண்டு அவர்கள் ஹெலிகாப்டர் எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். அதாவது அமுக்கித் தட்டு வந்துவிட்டது, டர்பைன் பிளேடு வந்துவிட்டது. மிச்சம் இருப்பது நடுவில் நிற்கும் அந்தச் சூடான தட்டு, அதிலும் பொடியில் செய்வது.

இங்கேதான் என் கவலை. 2023 ஜூனில் எஃப்414 என்ற போர் விமான எஞ்சினை இந்தியாவில் செய்ய ஜி.இ. நிறுவனமும் எச்.ஏ.எல்.லும் புரிந்துணர்வு செய்துகொண்டன. எண்பது சதவீதத் தொழில்நுட்பம் வரும் என்று மகிழ்ந்தோம். செய்திகளில் வந்த பட்டியலில் பொடித் தட்டுகளைக் கடைசல் பிடிக்கும் வேலை இருந்தது. லேத் போட்டுக் கடைவது பெரிய திறமைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கடைவதற்கு வரும் தட்டு எங்கோ உருகி, எங்கோ பொடியாகி, எங்கோ வடிந்து வருகிறது. தட்டின் உயிர் அந்த மூன்று இடத்தில் இருக்கிறது. பிரான்சின் சாஃப்ரானோடு சேர்ந்து புதிய போர் விமான எஞ்சினை உருவாக்கப் போவதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் சொன்னார். அங்கேயும் இதே கேள்வி எழும். சதவீதக் கணக்கில் எண்பது வந்தாலும் நூறு வந்தாலும், பொடி வெளியிலிருந்து வந்தால் எஞ்சின் நம்முடையது ஆகாது.

வடசென்னை இதில் என்ன செய்யும் என்று கேட்கலாம். எண்ணூரில் அசோக் லேலண்டும் வார்ப்பாலைகளும், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வந்து மூன்று தலைமுறை ஆகிறது. பெரம்பூர் ரயில்வே பணிமனை அதற்கும் நூறாண்டு முந்தியது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை. இவற்றைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளில் ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது, சோதித்துப் பார்க்காமல் சரக்கை வெளியே அனுப்பாத பழக்கம். அழுத்தக் கலனில் வெல்டிங் முடிந்ததும் ஒரு பையன் சிவப்புச் சாயத்தைத் தெளித்துவிட்டுக் காத்திருப்பான். பிறகு துணியால் ஒற்றித் துடைப்பான். தேய்த்துத் துடைத்தால் விரிசலுக்குள் போன சாயமும் வந்துவிடும் என்று மேஸ்திரி சொல்லிக் கொடுத்திருப்பார். மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்ததும், விரிசல் இருந்தால் மயிரிழை போல் ஒரு சிவப்புக் கோடு மெதுவாக ஊறி மேலே வரும். கோடு வந்தால் மூடி மறைக்காமல் சாக்பீஸால் வட்டம் போட்டு வைப்பான். டர்பைன் தட்டுக்குச் செய்வதும் இதே சோதனைதான். சாயம் ஒளிரும் வகை, பார்ப்பது இருட்டறையில் புற ஊதா விளக்கில், அவ்வளவே வித்தியாசம். அந்தப் பையனின் நேர்மைக்குத்தான் விமானத் துறை உலகெங்கும் விலை கொடுக்கிறது.

இங்கே சூப்பர் அலாய் உருக்காலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கான இடம் ஹைதராபாத்தாகவே இருக்கட்டும். சோதனை வேலைக்கு வடசென்னை பொருந்தும். ஊர்வுச் சோதனை, அயர்ச்சிச் சோதனை, மீயொலிச் சோதனை, கடற்காற்றில் அரிப்புச் சோதனை ஆகியவற்றைப் பொதுப் பணத்தில், ஆண்டுக்கணக்கில் நடத்தும் ஓர் ஆய்வுக்கூடம் இங்கே அமைய வேண்டும். ஒரு பக்கம் கல்பாக்கமும் ஐ.ஐ.டி.யும் இருக்கின்றன, மறுபக்கம் இந்தப் பட்டறைகள் இருக்கின்றன. நடுவில் பாலம் இல்லை. ஐ.டி.ஐ. முடித்த பெண்ணும் பையனும் அங்கே போய் மீயொலிச் சோதனையில் சான்றிதழ் பெற வழி இருந்தால், அடுத்த இருபது ஆண்டுக்குத் தேவையான கைகள் இந்தக் கரையிலிருந்தே கிடைக்கும். பட்ஜெட் ஒவ்வொரு வருடமும் முடிவுக்கு வரும், ஊர்வுச் சோதனை அப்படி வராது. ஆகவே பதினைந்து ஆண்டுக்கு நிதியைத் தனியே கட்டிவைத்துவிட வேண்டும். ஓர் அறக்கட்டளையின் மேடையில் நின்று இதைச் சொல்வது பொருத்தம். முதலைத் தொடாமல் வட்டியில் நெடுங்காலம் ஒரு காரியத்தை நடத்துவது எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உலோகவியல் என்றால் பழைய படிப்பு, வேலை கிடைக்காது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பெற்றோரிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன். எஞ்சின் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது என்று செய்தி வரும்போது, எத்தனை சதவீதம் என்பதோடு நின்றுவிடாமல், பொடியை எங்கே செய்கிறார்கள், தட்டை எங்கே வடிக்கிறார்கள், அதன் சோதனைப் பதிவேடு யார் கையில் இருக்கிறது என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.